கூரையில்லாத வண்டிக்கு நாலு ஸ்பீக்கர்

ஜூன் 3

தம்பிக்கு,

போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும். தொண்டை ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து உன் அத்தானுக்குக் காது இரட்டிப்பாகிவிட்டது. என் போனும் பாதி நேரம் அவர் கையில்தான் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் கேட்க வேண்டிய விஷயம் என்பதால், பல் டாக்டர் கிளினிக்கில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை முறைக்கிறார்கள். பதிலை இந்த முகவரிக்கே போடு.

விஷயம் இதுதான். நீ ஜீப்பில் மாட்டிக்கொடுத்த சிஸ்டம் போய்விட்டது. மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் போய் மைக் செத்துவிட்டதாம். அவர்தான் சொன்னார். அதுவும் நான் மூன்று முறை கேட்ட பிறகு.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரையே இல்லாத ஜீப். அதில் ஏறுகிறவர்களைக் கடலோரச் சாலை வழியே கலங்கரை விளக்கம் வரை கூட்டிப்போய், வழியெல்லாம் கதை சொல்லிக் கூட்டி வருவதுதான் அவர் பிழைப்பு. காற்றை மீறிக் கத்திப் பேசிய மனுஷனுக்கு இப்போது வெறும் காற்றுதான் வருகிறது தொண்டையில். அதனால்தானே மழைக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்குகிற மாதிரி மைக்கும் ஸ்பீக்கரும் வைத்துக் கொடு என்று உன் கடைக்கு அனுப்பினேன்? ஐந்து மணி நேரம் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாரே, அந்த மனுஷனை நினைத்தாவது ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா?

ஆட்களை அனுப்புகிற ஓட்டல் மேனேஜர் நேற்று என்னிடமே சொல்லிவிட்டார். "உங்க வீட்டுக்காரர் ஊமைப்படம் காட்டற மாதிரி ஓட்டிட்டுப் போறாராம். வர்றவங்க குறை சொல்றாங்க." இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பாராம்.

என்ன செய்யப் போகிறாய்?

அக்கா

---

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வேலையில் தண்ணீர் போகாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பதினாலு வருஷமாக வண்டிகளுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிறேன், படகுகளுக்கும் மாட்டியிருக்கிறேன்.

நாலு ஸ்பீக்கரும் உள்ளே காகிதக் கூம்பு இல்லை, பிளாஸ்டிக் கூம்பு. ஓரம் ரப்பர். நனைந்தால் துடைத்துக்கொண்டு பாடும். ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில் மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை. பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு ஒயரையும் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றித்தான் உள்ளே விட்டிருக்கிறேன். ஒயரில் ஓடி வருகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும், உள்ளே ஏறாது. அதையும் மீறி ஏறினால் வடிந்து போகப் பெட்டியின் அடியில் இரண்டு ஓட்டை. எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஹோஸ் பைப்பால் அடித்துப் பார்த்தேன். முதலாளி தண்ணீரை மூடச் சொல்லிக் கத்தினார்.

ஆகவே தயவுசெய்து பார்த்துச் சொல். சாவி போட்டால் ரேடியோ முகப்பில் சிவப்பு விளக்கு எரிகிறதா? பாட்டு போட்டால் ஸ்பீக்கரில் கேட்கிறதா? மைக்கில் மட்டும்தான் கோளாறா? மைக்கின் பொத்தான் மேல் இருந்த ரப்பர் தொப்பி கிழிந்திருக்கிறதா?

அத்தான் வேறு ஏதாவது சொன்னாரா? சிஸ்டத்தைப் பற்றி இல்லை, பொதுவாக.

தம்பி

---

ஜூன் 14

தம்பிக்கு,

நீ கேட்டதை எல்லாம் அவர் கடைக்குப் போன நேரத்தில் திருடி மாதிரி போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. பாட்டு கணீரென்று கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தாளம் போட்டார். மைக்கில் மட்டும் சத்தமே இல்லை. ரப்பர் தொப்பி நன்றாகத்தான் இருக்கிறது.

பொதுவாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருக்கிறாயே, அதுதான் எனக்கும் உறுத்துகிறது. உன் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றுகிறார். முன்பெல்லாம் நாலு பேர் கூடினால் "என் மச்சான் கைய வெச்சா அந்த வண்டி பாடும்" என்று உன் புராணம்தான். உன் கடையிலிருந்து வந்த அன்று நேராகக் குளிக்கப் போனார். சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த ஸ்பீக்கர் சத்தம் எவ்ளோ தூரம் கேக்கும்னு நினைக்கிறே?" எனக்கு என்ன தெரியும் என்றேன். அவ்வளவுதான்.

இப்போது வெளி ஆட்களிடம் வாயே திறப்பதில்லை. கடைக்குப் போனால் விரலால் காட்டி வாங்குகிறார். ஜீப்பை விற்றுவிடலாம் என்கிறார். வாங்குகிற ஆள்கூடப் பார்த்துவிட்டாராம், ஜூலை கடைசியில் வருவாராம். ஜீப் போனால் இந்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மைக் ஒன்று பேசினால் போதும், அவர் மனசு மாறும் என்று நம்புகிறேன்.

உண்மையைச் சொல். எங்கே சொதப்பினாய்?

அக்கா

---

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

யோசித்துப் பார்த்தேன். தப்பு என் மேல்தான். மைக் ஒயர் சேருகிற இடத்தில் நல்ல பசை தீர்ந்துபோயிருந்தது. கையில் இருந்த சாதாரணப் பசையைப் பூசிவிட்டேன். அது உப்புக் காற்றுக்கு நிற்காது. பெரிதாகப் பீற்றிக்கொண்டு அப்படிச் செய்தது வெட்கமாக இருக்கிறது.

புது மைக் ஒன்று அனுப்புகிறேன். பழைய மைக்கைக் கழற்றி இதைச் சொருகினால் போதும். நான் நேரில் வர இப்போது தோதுப்படாது. கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

அத்தானிடம் என் வேலை சரியில்லை என்று சொல்லிவிடு. என்ன வேண்டுமானாலும் சொல். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

தம்பி

---

ஜூலை 2

தம்பிக்கு,

உன்னை என்ன செய்தால் தகும்?

உன் கடிதத்தை நம்பி, என் தம்பி ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். கிளினிக்கில் டாக்டரிடம் சொன்னேன், அவர் வாய்க்குள் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நோயாளியிடமும் சொன்னேன். உன் புது மைக் வந்ததும், இவர் கழுத்துப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயிருந்த நாளாகப் பார்த்து, பேட்டரிக் கடைக்காரரைக் கூப்பிட்டு ஜீப்பைத் திறக்கச் சொன்னேன்.

அவர் பெட்டியைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் தடவினார். தூசிகூட இல்லை. "யாரும்மா மாட்டினது? கடலுக்குள்ள தள்ளி எடுத்தாலும் இது பாடுமே" என்றார். நான் அசடு வழிந்தேன்.

பிறகு டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு மைக் ஒயரை வெளியே இழுத்தார். அது அறுந்து போகவில்லை. பசை விட்டுப் போகவில்லை. நீ சாதாரணப் பசை எதுவும் பூசியிருக்கவும் இல்லை. யாரோ அதைப் பதமாகக் கழற்றி, முனைக்கு டேப் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறார்கள். மாத்திரை அட்டைக்குக்கூட ரப்பர் பேண்ட் போடுகிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். உனக்கும் தெரியும்.

அவரே கழற்றிவிட்டு மழை என்று சொல்லியிருக்கிறார். நீயும் ஆமாம் மழைதான், என் தப்புதான் என்று பூசி மெழுகியிருக்கிறாய். செய்யாத தப்பை எவனாவது தலையில் தூக்கி வைத்துக்கொள்வானா? அதுவும் நீ! சின்ன வயதில் நீ உடைத்த டம்ளரையே அக்கா உடைத்தாள் என்று என் தலையில் கட்டியவன்.

இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீர்கள். அவரைக் கேட்டால் தொண்டையைக் காட்டி, பேச முடியாது என்கிறார். எனக்குத் தேவைப்படும்போது மட்டும் அவருக்குக் குரல் இல்லை. நீ சொல். கடையில் என்ன நடந்தது?

அக்கா

---

ஜூலை 7

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவதாக எழுதுவதையும் நல்லபடியாக எழுத வரவில்லை. இருப்பதை எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் மைக் சோதிப்போம். எங்கள் கடையில் ஆளுக்கு ஒரு வழக்கம். ஒருவன் ஒன்று இரண்டு எண்ணுவான். இன்னொருவன் ரயில் நிலைய அறிவிப்பு படிப்பான். நான் யாரையாவது போலப் பேசிக்காட்டுவேன். முதலாளியைப் போல, வண்டி கொண்டு வந்தவரைப் போல, அவர் வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்து. எல்லாரும் அதற்காகவே காத்திருப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அன்று அத்தான் எல்லாருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போயிருந்தார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மைக்கை எடுத்து அவரைப் போலப் பேசினேன். அந்தக் காற்றுக் குரலில். அவர் வந்ததிலிருந்து இரண்டு மூன்று தடவை கேட்டாரே, அதையே. "வெந்நீர் இருக்கா... வெந்நீர்..." சத்தத்தை முழுசாக வைத்திருந்தேன். திறந்த வண்டி அக்கா, கதவு கண்ணாடி எதுவும் இல்லை. சத்தம் தெருவுக்குப் போயிற்று. சிரித்தார்கள். நான் இன்னொரு தடவை செய்தேன்.

திரும்பிப் பார்த்தால் அத்தான் ஜீப்புக்குப் பின்னால் நிற்கிறார். இரண்டு கையிலும் டீ. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. டீயை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "நல்லா கேக்குது தம்பி. தெருமுனை வரைக்கும் கேக்குது" என்றார். நான் அந்த டீயைக் குடித்தேன் அக்கா. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மைக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கே பாடம் நடத்தினேன்.

மழையில் போய்விட்டது என்று உன் கடிதம் வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஓட்டை, ரப்பர், ஒயர் என்று அளந்தேன். ஒருவேளை நிஜமாகவே தண்ணீர் போயிருக்காதா என்று ஆசைப்பட்டேன். என் வாழ்க்கையில் என் வேலை கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அப்போதுதான். பிறகு பசை என்று பொய் சொன்னேன். வேலை தெரியாதவன் என்று நீ திட்டினால் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம். இதற்கு நீ திட்டினால் எங்கே போய் மூஞ்சியை வைத்துக்கொள்வது?

தம்பி

---

ஜூலை 11

உனக்கு,

தம்பிக்கு என்று போடக் கை வரவில்லை.

உன் அக்காள் புருஷன்தான் கிடைத்தாரா உனக்கு? அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எழுதிக் காட்டியதை எல்லாம் நர்ஸுக்குப் படித்துச் சொன்னவன்தானே நீ? அந்தக் காற்றும் வருமா வராதா என்று நாம் எப்படித் தவித்தோம் என்று மறந்து போயிற்றா?

அந்தச் சிரித்த ஜென்மங்களுக்கும் மனசாட்சி கிடையாதா? ஒரு நோயாளியின் குரலைக் கேட்டு எப்படி ஐயா சிரிப்பு வரும்? அவர்களுக்கும் வீட்டில் அம்மா அப்பா இருப்பார்கள் இல்லையா? நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒருவருக்கு வந்தால் தெரியும். சிரித்தவர்கள் நாக்கு அழுகிப் போகட்டும். கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா தாளைக் கிழிக்கிறது.

ஊமைப்படம் என்று ஓட்டல்காரர் சொன்னதற்கே நான் இரண்டு நாள் அழுதேன். என் கூடப் பிறந்தவன் தெருவுக்கே ஒலிபரப்பியிருக்கிறான்.

இனி எழுதாதே.

---

ஜூலை 15

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த நாலு வரி மட்டும்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. சிரித்தவர்களைச் சபிக்காதே. கடிதத்திலோ மனசிலோ வேண்டாம். அவர்கள் மேல் தப்பில்லை. சிரிக்க வைத்தவன் நான். கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

---

ஜூலை 30

தம்பிக்கு,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. கூட்டாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. புரிந்த பிறகு ஐந்தாறு நாளாகப் பேனாவை எடுக்க முடியவில்லை.

ஜீப் வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வேறு வழி தெரியாமல் வியாழக்கிழமை உன் ஜூலை ஏழாம் தேதிக் கடிதத்தை உன் அத்தான் கையில் கொடுத்தேன். நீ வெட்கப்படுவதைப் பார்த்தாவது அவர் மனசு இளகாதா என்றுதான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"ஒரு ஆளை விட்டுட்டான்" என்றார்.

"யாரை?"

"உன்னை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று எழுதினால் அது பொய். உள்ளே எங்கேயோ எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அன்று வேலை முடிந்ததா என்று கேட்கக் கிளினிக்கிலிருந்து உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்து அவர் குரலில் "வெந்நீர் இருக்கா" என்றாய். நான் இந்த மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். உன் கடிதத்தில் நீ அதை எழுதாததைக் கவனித்தேன். மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நான் சிரித்தது போனுக்குள், உன் காதுக்கு மட்டும். அது கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் அந்தப் பதினொன்றாம் தேதிக் கடிதத்தை அவ்வளவு சூடாக எழுதினேன். நாக்கு அழுகட்டும் என்று எழுதியபோது என் நாக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. அதையும் மீறித்தான் எழுதினேன்.

உன் போன் ப்ளூடூத்தில் ஜீப்பின் சிஸ்டத்தோடு சேர்ந்து கிடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் சிரிப்பு நாலு ஸ்பீக்கரிலும் வந்ததாம். அவர் டீயோடு திரும்பும்போது தெருமுனையிலேயே கேட்டாராம். முதலில் என் குரலைக் கேட்டு நான்தான் வந்திருக்கிறேனோ என்று வேகமாக நடந்தாராம்.

"நீ சும்மா சிரிக்கல. 'இன்னொரு தடவ சொல்லுடா'ன்னு கேட்டே. அவன் சொன்னான்" என்றார்.

ஆமாம், கேட்டேன்.

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க என்கிட்ட சொல்லல? திட்டியிருக்கலாமே? அடிச்சிருந்தாக்கூட..." என்றேன். அவர் அந்தக் காற்றுக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கிச் சொன்னார்.

"என்னன்னு திட்டறது? ஆபரேஷனுக்கு அப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. வீட்ல என்னைப் பாத்து நீ சிரிக்கிறது ஆஸ்பத்திரிச் சிரிப்பு. அன்னிக்குதான் நிஜமா சிரிச்சே. என் குரலைக் கேட்டா உனக்கு உள்ளுக்குள்ள இதுதான் வருது, எனக்காக நீ அதை அடக்கி வெச்சிருக்கேன்னு தெரிஞ்சுது. அப்புறம் அந்தக் குரலை நாலு ஸ்பீக்கர்ல போட்டு யாருக்குக் கேக்க வைக்கறது?"

தம்பி, அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை. ஆனால் முழுக்கத் தப்பும் இல்லை. கடைக்காரர் எதிரே, டாக்டர் எதிரே, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்பேன். அந்தக் குரல் நாலு பேர் நடுவே கேட்டால் எனக்குக் கூச்சமாக இருந்தது. மைக் வைக்கச் சொன்னதிலும் பாதி அதற்காகத்தான், மிஷினில் போட்டாலாவது மனுஷக் குரல் மாதிரி கேட்காதா என்று. இதை அவரிடமும் சொன்னேன். வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. நீ இரண்டு நிமிஷம் செய்த காரியத்தை நான் ஒரு வருஷமாக மரியாதையாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் நான் ஜீப்புக்குள் குனிந்து, அந்த ரப்பர் பேண்டையும் உறையையும் டேப்பையும் பிரித்து, ஒயரை அதன் இடத்தில் சொருகினேன். சொருகுவது மட்டும் என் வேலை, பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளிடம், இன்னும் யோசிக்க வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார். நான் குறுக்கே பேசவில்லை. அவர் அந்த ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

நேற்று ஓட்டல் மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து ஆறு பேரை அனுப்ப வைத்தேன். நானும் பின் சீட்டில் ஓரமாக ஏறிக்கொண்டேன். பாதி தூரம் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. கடல் தெரிகிற வளைவில் வண்டியை மெதுவாக்கி மைக்கை எடுத்தார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நாலு ஸ்பீக்கரிலும் அந்தக் குரல் வந்தது.

"என் குரல் இப்படித்தாங்க. ஏதோ ரகசியம் சொல்ற மாதிரி இருக்கும். ஆனா எனக்கு ஒரு ரகசியமும் தெரியாது. எல்லாத்தையும் என் வீட்டுக்காரி ஊருக்கே சொல்லிடுவா."

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு அம்மா என் தோளைத் தட்டிச் சிரித்தார். உன் அத்தான் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். எனக்குத் தெரிந்தது, அதற்காகத்தான் அதைச் சொன்னார் என்று. சிரித்தால் அது ஆஸ்பத்திரிச் சிரிப்பா, அன்றைய சிரிப்பா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டியில் நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை.

அக்கா